பெட்டியைக் கடைசியாக வாங்குங்கள்: விமான மாடலுக்குப் புத்தகம், டெக்கால், கிட் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

விமான மாடல் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கிட்டை, அதாவது பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய பெட்டியை, வாங்கிவிடுகிறார்கள். பெட்டி மேல் இருக்கும் ஓவியம் கண்ணைப் பறிக்கும், விலையும் கட்டுப்படியாகும். வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எண்கள் அச்சிட்ட தாள்) தேடுவார்கள். பாதி ஒட்டிய பின் ஒரு சந்தேகம் எழும், அப்போதுதான் புத்தகத்தின் நினைப்பே வரும். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள் என்பதுதான் என் கட்சி. முதலில் ஒரு புகைப்படம், அடுத்து அதைப் புரியவைக்கும் புத்தகம், பிறகு அந்த ஒரு விமானத்துக்கான டெக்கால், எல்லாம் முடிந்த பிறகு கிட்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்து வாங்கும் வசதி இங்கே இல்லை. எல்லாமே சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கூரியரில் மலையேறி வருவதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பார்சல் கீழேயே கிடக்கும். விலையும் பழைய விலை இல்லை. சுங்க வரிப் பட்டியலில் ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடுதான் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அந்த விலை கொடுத்து வாங்கியதை "சரி, கிடக்கட்டும்" என்று பரணில் போட யாருக்கும் மனசு வராது.

படி 1: ஒரே ஒரு விமானம்

"மிக்-21 கட்டப் போகிறேன்" என்பது முடிவே இல்லை. எந்த மிக்-21? நம் விமானப்படையில் நீண்ட காலம் இருந்த எஃப்.எல் ரகத்துக்கு முதுகு ஒல்லி, இறக்கைக்கு ஒன்றாக மொத்தம் இரண்டே பைலன் (ஆயுதம் தொங்கவிடும் தாங்கி), உடம்புக்குள் பீரங்கி கிடையாது. அடுத்து வந்த எம் ரகத்துக்கு முதுகு தடித்தது, பைலன் நான்கானது. மூக்கின் மேலிருக்கும், வேகம் அளக்க உதவும் பிட்டோ குழல் எஃப்.எல்-லில் நடுவில் இருக்கும், எம்-மில் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். பிஸ் ரகத்தின் முதுகு அதைவிடப் பருமன். இந்த வித்தியாசங்கள் தெரியாமல் வாங்கினால், ஒரு ரகத்தின் உடம்பில் இன்னொரு ரகத்தின் வால் எண்ணை ஒட்டிக்கொண்டிருப்போம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: 18-ஆம் ஸ்குவாட்ரனின் ஒற்றை இருக்கை நாட் விமானம், 1971. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைக் காக்க நாட் விமானத்தில் பறந்து உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் சேகோனுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது. அவருடைய ஸ்குவாட்ரன் அது. 2020 மே மாதம் அதே ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது நம் மலைக்குக் கீழே இருக்கும் சூலூரில். அந்த உறவுக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

பழைய காலத்தில் ஆர்வம் இருந்தால் அதற்கும் இங்கேயே சரக்கு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது கோயம்புத்தூரிலும் சூலூரிலும் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவுக்குத் தளங்கள் இருந்தன. அந்தக் காலத்துக் கோர்சேர் போர் விமானத்தைக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் கப்பல்களின் உள்தளத்தில் மடக்கி நிறுத்துவதற்காக இரண்டாம் மார்க்கிலிருந்து இறக்கை நுனியை ஒவ்வொரு பக்கமும் 8 அங்குலம் வெட்டிவிட்டார்கள். 1/72-ல் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு) அது கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர், 1/48-ல் 4.2. அமெரிக்க நுனியோடு வரும் கிட்டில் பிரிட்டிஷ் டெக்கால் மட்டும் சேர்த்து விற்றால், அறுக்கும் வேலை உங்கள் தலையில்.

படி 2: புத்தகத்தை எப்படி எடைபோடுவது

விமானப் புத்தகத்தை நான் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. நேராகப் படக்குறிப்புகளுக்குப் போவேன். "இந்திய விமானப்படையின் நாட்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் படம் அலங்காரம். எந்தத் தளம், எந்த ஆண்டு, வால் எண் என்ன, படம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் குறிப்புதான் மாடல்காரருக்குத் தீனி. இப்படிப்பட்ட குறிப்புகள் பத்துக்கு ஏழு இருந்தால் அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கலாம்.

அடுத்தது வண்ணப் பக்கவாட்டு ஓவியங்கள். பார்க்க அழகாக இருப்பதால் பலரும் இவற்றுக்காகவே புத்தகம் வாங்குகிறார்கள். ஆனால் ஓவியம் ஆதாரம் ஆகாது, ஓவியர் ஒரு படத்தைப் பார்த்துச் சொன்ன கருத்து அது. ஆகவே ஒவ்வொரு ஓவியத்துக்கும் அதே புத்தகத்தில் புகைப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் இடப்பக்கம் மட்டும் தெரிந்தால் வலப்பக்கத்தை ஓவியர் ஊகித்திருக்கிறார். 1971 போர்க்கால மிக்-21 எஃப்.எல் விமானங்களில் இது பெரிய தலைவலி. அவசரத்தில் தளத்திலேயே கையால் பூசிய உருமறைப்பு என்பதால் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. அதற்கு "வழக்கமான வடிவம்" என்று ஒரு ஓவியத்தைக் கொடுக்கும் புத்தகத்தை நான் நம்பமாட்டேன்.

நிறங்களைப் பெயரால் மட்டும் சொல்கிறதா, தர எண்ணோடு சொல்கிறதா என்பதையும் கவனியுங்கள். "கரும்பச்சை" என்றால் ஆளுக்கொரு கரும்பச்சை. பிரிட்டிஷ் தர எண்ணோ அமெரிக்க எஃப்.எஸ் 595 எண்ணோ கொடுத்திருந்தால் எந்த நிறுவனத்தின் பெயின்ட்டிலும் அதற்கு நெருக்கமானதைத் தேடிப் பிடிக்கலாம்.

கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு பொறி உண்டு. ஆர்தோகுரோமேட்டிக் என்ற பழைய வகை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் எடுத்த படத்தில் சிவப்பு கறுப்பாகவும் மஞ்சள் அழுக்கு நிறமாகவும் விழும். முதல் உலகப்போர் படங்களில் இது நிறைய. பிந்தைய பான்குரோமேட்டிக் ஃபிலிமில் அந்தக் கோளாறு இல்லை. இந்து நகரில் ஃபிலிம் கம்பெனி ஓடிய காலத்து ஆட்கள் இன்னும் ஊட்டியில் இருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்தால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். இந்தக் கோளாற்றைப் பற்றி மூச்சே விடாமல், பழைய படம் ஒன்றில் "கறுப்பு வளையம்" என்று அடித்துச் சொல்லும் நூலாசிரியரைச் சந்தேகப்படுங்கள்.

இனி வரைபடங்கள். 1/72 என்று அச்சிட்டிருப்பதை நம்பி அதன்மேல் இறக்கையை வைத்துப் பார்க்காதீர்கள். வரைபடத்தை முதலில் அளந்து தேற வைக்க வேண்டும். ஒற்றை இருக்கை நாட் விமானத்தின் இறக்கை அகலம் 6.73 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 93.5 மில்லிமீட்டர். வரைபடத்தில் 95 வந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள், அதே தாளில் நீளத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் பெருத்திருந்தால் அச்சில் பெரிதாகியிருக்கிறது, ஜெராக்ஸில் குறைத்துக்கொள்ளலாம். அகலம் மட்டும் தப்பு, நீளம் சரி என்றால் வரைந்தவர் மேல்தான் கோளாறு. மழைக்காலத்தில் இங்கே தாள் ஈரம் குடித்து ஊதும், அதுவும் ஒரு பக்கமாகவே அதிகம் ஊதும். அளவுக்கோடு அச்சிடாத வரைபடத்தை ஆடி மாதத்தில் அளப்பது வீண் வேலை.

பக்கத் தோற்றம், மேல் தோற்றம் இரண்டோடு நிறுத்திவிடும் வரைபடம் அரை வரைபடம்தான். உடம்பின் குறுக்குவெட்டுகள் வேண்டும். எந்த இடத்தில் வட்டம், எந்த இடத்தில் முட்டை வடிவம் என்பதை வேறு எதுவும் சொல்லாது.

நேரில் பார்ப்பதற்கு ஈடு இல்லை. கூடலூர், மைசூர் வழியாகப் பெங்களூர் போகிறவர்கள் எச்.ஏ.எல் அருங்காட்சியகத்தில் அரை நாள் ஒதுக்கலாம். நாட் விமானத்தின் இந்திய வாரிசான அஜீத், மருத் எல்லாம் அங்கே நிற்கின்றன. ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் பார்க்க வேண்டுமென்றால் டில்லி பாலம் அருங்காட்சியகம்தான். பக்கவாட்டுப் படத்தை முடிந்தவரை தள்ளி நின்று ஜூம் போட்டு எடுங்கள். பக்கத்தில் நின்று போனில் எடுத்தால் மூக்கு பூதாகரமாகிவிடும். வடிவத்துக்கு அருங்காட்சியக விமானத்தை நம்பலாம், நிறத்துக்கு நம்பக்கூடாது. வெளியே நிற்பவற்றுக்குச் சாயம் போகப்போகக் கிடைத்த பெயின்ட்டை அடித்திருப்பார்கள்.

புத்தகங்கள் விலை அதிகம் என்றால், வெலிங்டன், குன்னூர் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் வீடு மாற்றும்போது பழைய புத்தகக் கடைக்கு வரும் மூட்டைகளில் கண் வையுங்கள். பழைய புத்தகம் என்பதால் தகவலும் பழசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படத்துக்கு வயதாகாது.

படி 3: டெக்காலை லென்ஸில் பாருங்கள்

கிட்டின் தரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் டெக்காலை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். கட்டி முடித்த மாடலை மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது ரவுண்டல் என்ற வட்டமான தேசியச் சின்னம்தான். ஒட்டுமூட்டில் விட்ட தவறை பட்டி வைத்துத் தேய்த்துவிடலாம். அச்சுப் பிசகிய ரவுண்டலை ஒன்றும் செய்யமுடியாது.

துணி வியாபாரிகள் இழை எண்ண வைத்திருக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கோயம்புத்தூரில் சுலபமாகக் கிடைக்கும். குன்னூரில் ஒரு அச்சகத்தில் நாட் டெக்கால் தாளைக் காட்டினேன். அச்சக அண்ணன் லென்ஸை வைத்தார், இரண்டு நொடிதான். "ரிஜிஸ்டர் அவுட்டுங்க. வெள்ளை மேல போயிருச்சு பாருங்க, ஒரு பக்கம் பிறை மாதிரி தெரியுது" என்றார். நிறங்கள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். லென்ஸுக்குள் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருந்தது: வெளியே இருக்கும் பச்சை வளையத்தின் மேல் விளிம்பில் நூலிழை அளவு வெள்ளை, கீழ் விளிம்பில் அது இல்லை. வெறும் கண்ணுக்கு ரவுண்டல் கொஞ்சம் "கோணலாக" இருப்பது போல மட்டும் தோன்றும், ஏன் என்று புரியாது. தாளில் இருக்கும் ஒரு ரவுண்டலில் விலகல் இருந்தால் எல்லாவற்றிலும் அதே திசையில் இருக்கும். இறக்கையில் ஒன்றைத் திருப்பி ஒட்டும்போது விலகலும் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

லென்ஸ் இன்னொன்றும் சொல்லும். நிறம் ஒரே சீராக நிரம்பியிருந்தால் ஸ்கிரீன் பிரின்ட். காவிக்குள் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள் தெரிந்தால் நிறங்களைக் கலந்து அச்சிட்டது. புள்ளி இருப்பதே குற்றமில்லை, ஆனால் 1/48 மாடலில் பெரிய ரவுண்டலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புள்ளி தெரியும். வீட்டு பிரின்டரில் அச்சிட்டு விற்கும் மலிவுத் தாள்களில் பெரும்பாலும் வெள்ளை மையே இருக்காது. கரும்பச்சை மேல் ஒட்டினால் காவி காணாமல் போய் செங்கல் நிறம்தான் மிஞ்சும்.

எவ்வளவு மறைக்கும் என்று பார்க்க ஒரு வழி: தாளை விளக்குக்கு எதிரே பிடிப்பது போதாது. தேவையில்லாத ஒரு துண்டை, பெரும்பாலும் வேறு நாட்டு எண் ஒன்றை, கறுப்பு பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மேல் ஒட்டிக் காயவிடுங்கள். வெள்ளை அப்போதும் வெள்ளையாக இருந்தால் பயப்பட வேண்டாம். அதே துண்டில் மற்ற சோதனைகளும் முடிந்துவிடும். எத்தனை நேரத்தில் தாளைவிட்டு நழுவுகிறது, நழுவும்போது உடைகிறதா, மென்மையாக்கும் திரவம் பட்டால் பேனல் கோட்டுக்குள் (விமானத் தகடுகள் சேரும் கோடு) படிகிறதா, சுருங்கிச் சுருங்கியே நிற்கிறதா. ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு டெக்கால் மோசம் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அந்தக் குளிரில் பசை கரையாது. ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

உடைகிற பழைய டெக்காலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முழுத் தாளின் மேல் டெக்கால் ஃபிலிம் திரவத்தையோ கிளியர் லாக்கரையோ பூசிக் காயவிட்டால் புதிய தோல் கிடைக்கும், அதன்பின் ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்ட வேண்டும். மஞ்சள் ஏறிய தாளை ஜிப் கவரில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவையுங்கள். தை, மாசி வெயில் இந்த உயரத்தில் நன்றாகவே வெளுக்கும். ஆனி, ஆடியில் ஒட்டினால் மஞ்சளும் போகாது, பூஞ்சையும் சேரும்.

பிறகு உள்ளடக்கம். நம் ரவுண்டலில் வெளியே பச்சை, நடுவே வெள்ளை, மையத்தில் காவி. அந்தக் காவியைச் சில வெளிநாட்டுத் தாள்கள் தக்காளிச் சிவப்பாகவே அச்சிடுகின்றன. சுதந்திரத்தை ஒட்டிய சில ஆண்டுகளில் அசோகச் சக்கரம் போட்ட ரவுண்டல் இருந்தது. அதற்கும் முன்பு, பர்மா போர்முனையில், ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக்கூடாது என்று நடுச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஆகவே 1944 ஹரிகேனுக்குச் சிவப்பு நடு போட்ட தாள் வந்தால், மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். வால் எண்ணின் முன்னெழுத்தும் பேசும். மிராஜ் 2000-க்கு கே.எஃப், மிக்-29-க்கு கே.பி, சுகோய்-30-க்கு எஸ்.பி, தேஜசுக்கு எல்.ஏ. முன்னெழுத்து ஒரு ரகத்தையும் படம் வேறு ரகத்தையும் காட்டினால் அந்தத் தாளைத் தயாரித்தவர் படத்தைப் பார்க்கவே இல்லை. ரவுண்டலின் விட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த புகைப்படத்தில் அது எந்தப் பேனல் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்தால் அளவு சரியா என்று தெரிந்துவிடும்.

படி 4: கடைசியில் கிட்

முதல் வேலை பெட்டியின் வம்சாவளி. பாகங்களை வார்க்கும் அச்சு ஒன்று, பெட்டி பல என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். ஃபிராக் நிறுவனத்தின் அச்சுகள் சோவியத் யூனியனுக்குப் போய் நோவோ என்ற பெயரில் வந்தன. மேட்ச்பாக்ஸ் அச்சுகளை ரெவெல் தன் பெட்டியில் விற்றது. பெட்டியில் போட்டிருக்கும் ஆண்டு அந்தப் பெட்டியின் ஆண்டுதான், அச்சின் ஆண்டு இல்லை. ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் எண்ணைப் போட்டால் அச்சு எந்த ஆண்டு பிறந்தது, எத்தனை பெட்டி மாறியது என்று கோடு போட்டுக் காட்டும். அறுபது, எழுபதுகளின் அச்சு என்றால் பேனல் கோடுகள் மேடாக இருக்கும், காக்பிட்டில் ஒரு நாற்காலிதான் இருக்கும். நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் தப்பே இல்லை. புது அச்சின் விலைக்கு வாங்கினால்தான் தப்பு.

நம் நாட் விமானத்துக்கு வருவோம். கடைகளில் எளிதில் கண்ணில் படும் ஏர்ஃபிக்ஸ் நாட், ரெட் ஆரோஸ் குழு ஓட்டிய இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். கேனபியை (விமானி அறையின் கண்ணாடி மூடி) மாற்றி ஒற்றை இருக்கையாக்கிவிடலாம் என்று தோன்றும். காலிப்பரை எடுங்கள். பயிற்சி ரகத்தின் இறக்கை 7.32 மீட்டர், 1/72-ல் 101.7 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது 93.5. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம், அதுவும் நுனியில் வெட்டித் தீர்க்கும் வித்தியாசம் இல்லை, இறக்கையே வேறு. 1/72-ல் ஸ்பெஷல் ஹாபியின் ஒற்றை இருக்கை நாட், அஜீத் கிட்கள்தான் இதற்கு நேர்வழி. குறைந்த எண்ணிக்கையில் வார்க்கும் வகை என்பதால் பொருத்தும் வேலை கூடும், முதல் மாடலாக எடுக்க வேண்டாம்.

அளவு பார்க்கும்போது ஒரு நிதானம் தேவை. 1/72-ல் ஒரு மில்லிமீட்டர் நிஜத்தில் 7.2 சென்டிமீட்டர். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் கட்டி முடித்த பின் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. அதே ஒரு மில்லிமீட்டர் கேனபியின் உயரத்தில் தப்பினால் விமானத்தின் முகமே மாறிப்போகும். அதனால் மொத்த அளவுகளுக்குத் தாராளமாக மன்னிப்புக் கொடுங்கள். மூக்கு, காற்று உள்வாய், கேனபி, வால் நுனி வளைவு இந்த நான்குக்கும் கறாராக இருங்கள்.

பார்சல் வந்ததும், ஸ்ப்ரூ (பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) பைகளைக் கிழிப்பதற்கு முன்பே பாகப் பட்டியலோடு ஒப்பிட்டுப் படம் எடுத்துவையுங்கள், புகார் சொல்ல உதவும். பிறகு அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பாகத்தின் மேல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மழமழவென்று இருந்த இறக்கையில் பள்ளங்கள் தெரியும். பிளாஸ்டிக் தடித்த இடத்தில் ஆறும்போது உள்ளிழுத்துக்கொண்ட பள்ளங்கள் அவை. அச்சிலிருந்து தள்ளிய ஊசி வட்டங்களும் தெரியும். சக்கர அறைக்குள் மறைந்துபோகும் வட்டத்துக்குக் கவலைப்படாதீர்கள், கதவின் வெளிப்பக்கம் இருந்தால் வேலை இருக்கிறது. இறக்கையின் பின்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். 1/72-ல் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் நிஜ விமானத்தில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த சுவர்.

கண்ணாடிப் பாகங்கள் தனிப் பையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம், உள்ளே ஓடிய விரிசலை எடுக்க முடியாது. மிருதுவான வினைல் டயர் வந்திருந்தால் பிளாஸ்டிக் சக்கரத்தோடு ஒட்டி வருஷக்கணக்கில் விடாதீர்கள், அது பிளாஸ்டிக்கை இளக்கி அரித்துவிடும்.

கடைசிச் சோதனை மாஸ்கிங் டேப். ஒட்டாமல் உடம்பின் இரண்டு பாதியையும் இறக்கையையும் டேப் போட்டு நிறுத்தி, இறக்கை உடம்பைச் சந்திக்கும் இடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் எவ்வளவு என்று பாருங்கள், தாள் கனம் என்றால் பரவாயில்லை. அப்படியே மூன்று சக்கரத்தில் நிற்குமா, வால் தட்டுமா என்றும் தெரிந்துவிடும். தட்டினால் மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டு போட இடம் இருக்கிறதா என்பதை ஒட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நாட் மாதிரிச் சின்ன விமானத்தில் அந்த இடம் ரொம்பக் குறைவு.

மலையில் பத்திரப்படுத்துவது

கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் ஊரில் டெக்கால் தாளைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. பனிமூட்டக் காலத்தில் ஈரம் ஏறிப் பசை இளகி, தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தாளுக்கும் இடையில் வெண்ணெய்க் காகிதம் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, டப்பா மேல் கிட்டின் பெயரை எழுதிவிடுங்கள். பொட்டலத்தை மழைக்காலத்தில் அவ்வப்போது வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ உலர்த்த வேண்டும். புத்தகங்களைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், சுவரின் ஈரம் முதலில் ஏறுவது அட்டையில்தான். பீரோவில் கிட்களோடு அந்துருண்டை போடும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அதன் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைப் பிசுபிசுக்க வைத்துவிடும்.